ஒற்றை வக்கீல் மனு போட்டுக் கட்சிகளை அசைக்க முடியுமா?

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கட்சிகளுக்கு எதிராகக் கோர்ட்டில் மனு மேல் மனு போடுகிறார்களே சில வக்கீல்கள், அதனால் உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை பேப்பரில் பேர் வருவதோடு சரியா? தனக்கும் அந்த வேலையில் ஆசை இருக்கிறது, வீட்டில் பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

நடந்திருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாகவே நடந்திருக்கிறது. ஆனால் அது நடக்கும் விதம் டிவியில் பார்க்கிற மாதிரி இருக்காது. நான் தென் மாவட்டத்தில் இருபது வருஷமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன், சொந்தமாகவும் இரண்டு மூன்று பொதுநல மனு போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளைக் காட்டச் சொன்னால் லில்லி தாமஸைத்தான் காட்டுவேன்.

பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ. அப்பீலைக் காட்டிப் பதவியில் தொடர முடியாது என்ற 2013 தீர்ப்பின் பேரே அவர் பேர்தான். ஆனால் நிறைய மாணவர்கள் லில்லி தாமஸ் என்றால் வழக்குத் தொடுத்த யாரோ ஒரு பெண்மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரே வக்கீல். கேரளத்துக்காரர், கோட்டயத்தில் பிறந்தவர், 1955-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் பதிவு செய்துகொண்டார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். முடித்துவிட்டு டெல்லிக்குப் போனார். 1964-இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு யாருக்கு எதிராகத் தெரியுமா? அந்த உச்ச நீதிமன்றத்துக்கே எதிராக. அங்கே 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு', அதாவது அங்கே தன் பேரில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை உள்ள வக்கீல், ஆவதற்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று கோர்ட் ஒரு விதி போட்டிருந்தது, அப்படி விதி போட உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்பது அவர் வாதம். மனு தள்ளுபடி ஆனது. அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. முதல் மனைவி இருக்கும்போதே மதம் மாறி இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளும் ஆண்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவர் பேரில்தான் இருக்கிறது. அதுவும் சின்ன விஷயம் இல்லை, ஆனால் உங்கள் கேள்வி கட்சிகளைப் பற்றியது என்பதால் 2005-க்கு வருகிறேன்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதில் 8-வது பிரிவு. சில வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றாலோ, மற்றக் குற்றங்களில் 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்று தீர்ப்பானாலோ தேர்தலில் நிற்கும் தகுதி போய்விடும், சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் 6 ஆண்டுக்கு நிற்க முடியாது. இதுவரை சரி. ஆனால் அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, அதாவது 8(4), ஏற்கெனவே எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருப்பவருக்கு மட்டும் ஒரு தனி வழி வைத்திருந்தது. அவருக்கு 3 மாதம் வரை தகுதியிழப்பு வராது. அந்த 3 மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால், அப்பீல் முடிகிற வரைக்கும் வராது. நம் ஊரில் அப்பீல் எப்போது முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குற்றம், ஒரே தண்டனை. ஒருவர் வேட்புமனுவே தாக்கல் செய்ய முடியாது, இன்னொருவர் சபையில் உட்கார்ந்து சட்டத்துக்கு ஓட்டுப் போடுவார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2005 ஜனவரியில், கேரளத்துத் தேர்தல் வழக்கு ஒன்றில், ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த 8(4)-ஐத் தொட்டுப் பேசியது. இந்தச் சலுகை உறுப்பினருக்குக் கொடுத்தது இல்லை, சபையின் நலனுக்காகக் கொடுத்தது என்கிற மாதிரி. அதைப் படித்த யாரும் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதே 2005-இல்தான் லில்லி தாமஸ் தன் ரிட் மனுவை, அதாவது நேராக உச்ச நீதிமன்றத்திலேயே போடும் மனுவை, போட்டார். லக்னோவைச் சேர்ந்த 'லோக் பிரஹரி' என்ற அமைப்பும் அதே ஆண்டு ஒரு மனு போட்டது. இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. அப்போது லில்லி தாமஸுக்கு வயது எழுபதுக்கு மேல். தீர்ப்பு வந்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். நடுவில் எட்டு வருஷம்.

அந்த மனுவில் என்ன வாதம் என்பதுதான் முக்கியம். அரசியல்வாதிகள் எல்லாம் குற்றவாளிகள், நாடு கெட்டுப்போய்விட்டது என்று ஆரம்பித்திருந்தால் மனு முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். அவர் பிடித்தது அரசியல் சட்டத்தின் 102, 191 பிரிவுகளை. அங்கே எழுதியிருப்பது, ஒருவர் உறுப்பினராகத் 'தேர்ந்தெடுக்கப்படுவதற்கும், உறுப்பினராக இருப்பதற்கும்' தகுதியற்றவர் ஆவார் என்பது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம். ஆகவே நாடாளுமன்றம் தகுதியிழப்புக்குச் சட்டம் போடலாம், ஆனால் நிற்கப்போகிறவருக்கு ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொன்று என்று பிரித்துப் போட அதற்கு அதிகாரமே இல்லை. அப்புறம் 101, 190 பிரிவுகள், தகுதி போனால் இடம் காலியாகிவிடும் என்று சொல்கின்றன. காலியாகிவிடும் என்று அரசியல் சட்டம் சொல்லும்போது, காலியாவதை அப்பீல் வரை தள்ளிப்போடச் சாதாரணச் சட்டத்தால் முடியாது. இவ்வளவுதான் மொத்த வழக்கும். மூத்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் அவருக்காக வாதாடினார். 2013 ஜூலை 10 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எஸ்.ஜே. முகோபாத்யாய அமர்வு 8(4)-ஐ ரத்து செய்தது. ஐந்து நீதிபதிகள் முன்பு சொன்னது? நாடாளுமன்றத்துக்கு இந்தச் சட்டம் போட அதிகாரம் உண்டா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை, அதனால் அது இங்கே கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்கள். சாத்திய கதவு என்று எல்லாரும் நினைத்த இடத்தில், அந்தக் கேள்வியை யாரும் இன்னும் கேட்கவே இல்லை என்று அவர் கண்டுபிடித்ததுதான் திறமை.

அதற்குப் பிறகு டெல்லியில் நடந்ததைப் பார்த்தால் ஒரு மனுவின் கனம் தெரியும். அரசு மறுசீராய்வு மனு போட்டது, தள்ளுபடி. சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தது. அது நிறைவேறவில்லை என்றதும் செப்டம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை ஒரு அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, பழையபடி உறுப்பினர்களைக் காப்பாற்றுவதற்காக. மூன்று நாள் கழித்து ராகுல் காந்தி டெல்லி பிரஸ் கிளப்புக்கு வந்து, தன் கட்சி அரசு கொண்டுவந்த அந்த அவசரச் சட்டம் சுத்த அபத்தம், கிழித்து எறிய வேண்டும் என்றார். அக்டோபர் 2-ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் காங்கிரஸ் எம்.பி. ரஷீத் மசூத் பதவி இழந்தார். மாட்டுத்தீவன வழக்கில் தண்டனை பெற்ற லாலு பிரசாத்தும் இழந்தார்.

நம் ஊருக்கு வாருங்கள். 2014 ஏப்ரலில் சுடுகாட்டுக் கூரை வழக்கில் தண்டனை வந்ததும் தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் செல்வகணபதி பதவியை விட்டார். அந்த வருஷமே செப்டம்பர் 27, சனிக்கிழமை. அன்று நான் கோர்ட் இல்லாததால் பக்கத்து ஊரில் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்சிக்காரர் என்றால் என் வழக்குக்காரர். மதியத்துக்கு மேல் கடைகளின் ஷட்டரை இழுத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள், பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றுவிட்டது, டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு டிவியை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார். பெங்களூரு தனி நீதிமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "வக்கீல் சார், அப்பீல் போட்டா அம்மா சி.எம்.மாவே இருக்கலாம்ல?" என்று கேட்டார். போன வருஷம் ஜூலை மாதம் வரைக்கும் இருந்திருக்கலாம் ஐயா, இப்போது முடியாது என்றேன். அவருக்கு அது புரியவில்லை. டெல்லியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு வக்கீல் அம்மாள் போட்ட மனுவால்தான் இன்று ஸ்ரீரங்கம் தொகுதி காலியாகிறது என்று நான் விளக்கியபோது அவர் என்னை நம்பின மாதிரியே தெரியவில்லை. பதவியில் இருக்கும்போதே இப்படித் தகுதி இழந்த முதல் முதலமைச்சர் ஜெயலலிதாதான். 8(4) உயிரோடு இருந்திருந்தால் ஜாமீனில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அப்பீலை நடத்தியிருக்கலாம். 2019 ஜனவரியில் ஓசூர் எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்த பாலகிருஷ்ணா ரெட்டி, 1998-இல் நடந்த கல்வீச்சு வழக்கில் 3 ஆண்டுத் தண்டனை வந்ததும் போனார். 2023 டிசம்பரில் தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த ஒரு தீர்ப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நியாயமாகப் பதில் சொன்னவன் ஆக மாட்டேன். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்குச் சரியாக 2 ஆண்டு கொடுத்தது, மறுநாளே அவர் எம்.பி. பதவி போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் திரும்ப வந்தார். பொன்முடிக்கும் 2024 மார்ச்சில் அப்படித்தான் கிடைத்தது, அதன் பிறகும் ஆளுநர் பதவிப்பிரமாணம் செய்துவைக்க மறுத்து, உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே செய்துவைத்தார். அதாவது இன்றைக்கு எல்லாம் தண்டனைத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை எவ்வளவு சீக்கிரம் வாங்க முடிகிறது என்பதில் வந்து நிற்கிறது, பெரிய சீனியரை வைக்க வசதி உள்ளவருக்கு அது சீக்கிரம் கிடைக்கும், ஒரு பஞ்சாயத்து உறுப்பினருக்குக் கிடைக்காது. தீர்ப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் கீழ்க்கோர்ட்டின் ஒரு தீர்ப்பு ஒரு தொகுதியின் பிரதிநிதியையே ஒரே நாளில் எடுத்துவிடும் என்றால் அந்த அப்பீலை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடுவும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. அடுத்த மனு அங்கே காத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தோற்ற மனுக்களைப் பற்றி. லில்லி தாமஸ் தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்னால், 2013 ஜூலை 5 அன்று, இன்னொரு தீர்ப்பு வந்தது, தமிழ்நாட்டு வக்கீல் எஸ். சுப்பிரமணியம் பாலாஜி போட்ட வழக்கு. 2006-இல் தி.மு.க. அறிவித்த இலவசக் கலர் டிவியை எதிர்த்து முதலில் உயர் நீதிமன்றம் போனார், தோற்றார். 2011-இல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், லேப்டாப் என்று அறிவித்ததும் அதையும் எதிர்த்தார். இரண்டு பெரிய கட்சிகளையும் ஒரே ஆள் எதிர்த்தது அது. உச்ச நீதிமன்றம் சொன்னது, தேர்தல் அறிக்கையில் ஒரு கட்சி கொடுக்கும் வாக்குறுதி, வேட்பாளர் ஓட்டுக்குக் கொடுக்கும் லஞ்சம் ஆகாது என்று. வழக்கு தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில், தேர்தல் அறிக்கைக்கென்று வழிகாட்டு விதிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவும் இருந்தது. இன்று தேர்தல் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கை பற்றி ஒரு தனிப் பகுதி இருக்கிறதே, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மேலோட்டமாகவாவது சொல்ல வேண்டும் என்கிறதே, அது இந்தத் தோற்ற வழக்கிலிருந்து வந்தது. 2022-இல் வேறொரு வக்கீலின் மனுவில் அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள்.

இந்த வழக்கில் என் மனசு பாலாஜி பக்கம் முழுசாக இல்லை. என் அக்கா வீட்டில் அந்த அரசு கிரைண்டர் இன்னும் ஓடுகிறது, அதற்கு முன்னால் அவள் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டியவள், விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிள்ளைகள் எழுந்திருக்கும். அவளுக்கு அது லஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பணத்துக்கு வழி சொல்லு என்று கட்சியைக் கேட்பது நியாயம்தான், அதைக் கேட்க ஒரு வக்கீல் ஏழெட்டு வருஷம் தன் காசிலும் நேரத்திலும் அலைந்தாரே, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

கட்சிகளையே நேராகத் தண்டித்த வழக்கும் உண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குற்றவழக்கு உள்ளவரை வேட்பாளராக நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம், அப்படி வழக்கு இல்லாத ஆள் கிடைக்கவில்லையா என்று காரணத்தை கட்சி தன் இணையதளத்தில் போட வேண்டும், ஜெயிக்கக் கூடியவர் என்பதெல்லாம் காரணம் ஆகாது என்று உத்தரவிட்டிருந்தது. அந்த ஆண்டே பீகார் தேர்தல். கட்சிகள் அதை மதிக்கவில்லை. பிரஜேஷ் சிங் என்ற வக்கீல் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டார். 2021 ஆகஸ்டில் பா.ஜ.க., காங்கிரஸ், ஐக்கிய ஜனதா தளம், ராஷ்ட்ரிய ஜனதா தளம் உள்ளிட்ட கட்சிகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாயும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் தேசியவாத காங்கிரஸுக்கும் தலா 5 லட்சமும் அபராதம். தொகை அவர்களுக்கு ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே உத்தரவில் அவமதிப்புக் குற்றம் செய்தவர்களாக நின்றது இதற்கு முன் நான் படித்ததில்லை.

ஜெயித்த பிறகும் வழுக்குவது உண்டு. காங்கிரசும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நிறுவனத் தொடர்புள்ள நன்கொடை வாங்கியது சட்டமீறல் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. என்ன செய்தார்கள்? 2016-இலும் 2018-இலும் சட்டத்தையே திருத்தினார்கள், அதுவும் 1976-ஆம் ஆண்டு வரை பின்தேதியிட்டு. எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு கட்சிகளுக்கும் ஒரே திருத்தத்தில் விடுதலை. இதை முதலில் படித்தபோது எனக்கு ரெண்டு நாள் வேலை ஓடவில்லை. மனு போடுகிறவர் எதிர்கொள்வது ஒரு கட்சியை இல்லை, சட்டம் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சிகளையும் சேர்த்து என்பதை அந்த வழக்கு அளவுக்கு வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

டிராஃபிக் ராமசாமியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் வக்கீல் இல்லை, தானே நின்று வாதாடியவர். கட்சி பேனர்களை எதிர்த்து வருஷக்கணக்காக மனு போட்டார், தெருவில் இறங்கிக் கையாலேயே கிழித்தார், அடியும் வாங்கினார். அவர் மனுக்களில் உயர் நீதிமன்றம் உத்தரவு மேல் உத்தரவு போட்டது, 2018 டிசம்பரில் பேனர் வைக்கவே தடை போட்டது. அப்படியும் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அப்போதைய ஆளுங்கட்சிக்காரர் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கிச் செத்துப்போனாள். உத்தரவு வாங்குவதற்கும் அதை நடக்க வைப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவு. ராமசாமி 2021 மே மாதம் காலமானார்.

சரி, விளம்பரத்துக்காகப் போடுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். காலையில் பேப்பரில் வந்த செய்தியை மதியம் மனுவாக்கி, சாயங்காலம் மைக் முன்னால் நிற்பவர்களை நானும் பார்க்கிறேன், கோர்ட்டும் பார்க்கிறது, அபராதமும் போடுகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றால், மனுவின் கடைசிப் பக்கத்துக்குப் போய் என்ன பரிகாரம் கேட்டிருக்கிறார் என்று படியுங்கள். எந்த அதிகாரி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு வரியில் இருந்தால் அது வேலை. ஊழலை ஒழிக்க உத்தரவிட வேண்டும் என்று இருந்தால் மூடி வைத்துவிடலாம்.

நான் முதலில் போட்ட மனு இதில்தான் விழுந்தது. எங்கள் ஊரில் ஒரு கட்சியின் கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சிமென்ட் பீடம் கட்டி நடைபாதையை அடைத்துவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கோபத்தில் பதினெட்டுப் பக்கம் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) எழுதினேன், பாதி கட்சியைத் திட்டியது. நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அதிகாரிக்கு மனு கொடுத்தீர்களா, ஒப்புகைச் சீட்டு எங்கே? கொடுக்கவில்லை. ரிட் ஆஃப் மாண்டமஸ், அதாவது ஒரு அதிகாரியை அவர் கடமையைச் செய்யச் சொல்லும் உத்தரவு, கேட்கிறவன் முதலில் அதிகாரியிடம் கேட்டு, அவர் செய்யாமல் இருந்த பிறகுதான் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்பது முதலாண்டுப் பாடம், கோபத்தில் அதை விட்டிருந்தேன். வாபஸ் வாங்கிக்கொண்டு, பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டை வந்ததும் அதை டைப்செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) சேர்த்து, நான்கு பக்கத்தில் மறுபடி போட்டேன். ஒரே விசாரணையில் முடிந்தது, எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று. மூன்றாம் மாதம் பீடத்தை இடித்தார்கள்.

வீட்டில் பயப்படுவது பற்றி. பயம் நியாயமானது, போன் வரும், தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். அதைவிட உண்மையான கஷ்டம் பணம். பொதுநல மனுவில் ஃபீஸ் கிடையாது, நகல் எடுக்கும் செலவும் போக்குவரத்தும் நம் கையிலிருந்து. அதனால் படித்து முடித்ததும் நேராக இதில் இறங்காதீர்கள். ஒரு நல்ல சிவில் சீனியரிடம் நாலைந்து வருஷம் இருந்து, பிளீடிங் (கோர்ட்டில் தாக்கல் செய்யும் மனு, பதில் மனு) எழுதக் கற்றுக்கொண்டு, நிலத் தகராறும் செக் வழக்கும் நடத்தி வீட்டுக்குக் காசு கொண்டுவாருங்கள். அந்த வருமானத்தில் வருஷத்துக்கு ஒரு பொதுநல மனு போட முடிந்தால் அதுவே நிறைய. இப்போதைக்கு லில்லி தாமஸ் தீர்ப்பை எடுத்து, 102-வது பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த 2005 ஜனவரித் தீர்ப்பையும் முன்னால் வைத்து மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். அதில் எங்காவது சிக்கினால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.